டிஸ்க்கில் இருந்தால்தான் திரையில் வரும்

புது டிவி வந்திறங்கிய வீட்டில் ஒரு வாரத்துக்குள் யாராவது சொல்லிவிடுவார்கள்: “பழைய டப்பாவிலேயே படம் நல்லாத் தெரிஞ்சுதே!” 55 அங்குலத் திரை, 4கே, பெட்டி முழுக்க ஸ்டிக்கர்கள். யூடியூபில் கடலும் மலையும் போட்டால் கண்ணைப் பறிக்கிறது. அதே திரையில் 2005 வாக்கில் நடந்த கல்யாணத்தின் டிவிடியைப் போட்டால் மணமகன் முகத்தில் மெழுகு பூசியிருக்கிறது. மணமகளின் கை அசையும்போதெல்லாம் வளையல்கள் கோடுகோடாகப் பிய்கின்றன. அட்சதை விழும் நேரத்தில் மேடையே சதுரம் சதுரமாக உடைகிறது. கடைக்குப் போன் போகிறது. சர்வீஸ் ஆள் வந்து ரிமோட்டில் எதையோ தட்டிவிட்டு, “டிஸ்க்குதான் சார் மோசம்” என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

முதலில் கணக்கு. டிவிடிக்கான விதிகள் 1995இல் முடிவாகி, முதல் பிளேயர்கள் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அன்றைய டிவியால் எவ்வளவு காட்ட முடியுமோ அவ்வளவைத்தான் டிஸ்க்கில் வைத்தார்கள். 1982இல் கலர் ஒளிபரப்பு தொடங்கியபோது இந்தியா எடுத்துக்கொண்ட பி.ஏ.எல். முறைப்படி, ஒரு படச்சட்டத்தில் குறுக்கே 720 புள்ளிகள், மேலிருந்து கீழே 576 வரிகள். பெருக்கினால் 4,14,720. 4கே திரையில் 3840 புள்ளிகள், 2160 வரிகள், மொத்தம் 82,94,400. வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 20 வரும். டிஸ்க் ஒரு புள்ளி தருகிறது, திரைக்கு 20 வேண்டும். பாக்கி 19ஐ யாராவது ஊகித்து நிரப்பியாக வேண்டும். பிளேயர் நிரப்பலாம், டிவி நிரப்பலாம். சில சமயம் இரண்டும் ஆளுக்குப் பாதி நிரப்பிக் கெடுத்துவைக்கும். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளின் என்.டி.எஸ்.சி. முறையில் வரிகள் 480தான். அந்த டிஸ்க்குக்கு 4கே திரை 24 மடங்கு.

பழைய டப்பாவில் நன்றாகத் தெரிந்தது என்பதும் பிரமை இல்லை. நல்ல பார்வை உள்ளவரின் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம், ஏறக்குறைய ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. பத்தடி தூரத்தில் அது 0.9 மில்லிமீட்டர். பழைய 21 அங்குல டிவியில் படத்தின் உயரம் 31 செ.மீ. வாக்கில் இருக்கும். அதற்குள் 576 வரிகளை அடுக்கினால் வரிக்கு அரை மில்லிமீட்டர், கண்ணுக்குப் பிடிபடாது. 55 அங்குலத் திரையின் உயரம் 68.5 செ.மீ. அங்கே ஒரு வரிக்கு 1.2 மி.மீ. அதே பத்தடியில் உட்கார்ந்தால் கண் ஒவ்வொரு வரியாக எண்ணிவிடும். சோபாவைப் பதினான்கு அடிக்குத் தள்ளிப் போட்டால் வரிகள் மறுபடியும் ஒன்றுகலந்துவிடும். காசில்லாத முதல் வைத்தியம் இது. நகரத்து அடுக்குமாடி வீட்டின் ஹாலில் பதினான்கு அடிக்கு எங்கே போவது என்பது வேறு கேள்வி.

குழாய் டிவிக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. எலெக்ட்ரான் கற்றை திரையில் விழும் இடம் விளிம்பு மங்கிய சிறு பொட்டு. பக்கத்துப் பொட்டோடு இழைந்துவிடும். டிஸ்க்கில் இருக்கும் சில்லறைக் குறைகளை அதுவே பூசி மெழுகிவிட்டது. இன்றைய திரையின் புள்ளிகளுக்குக் கறாரான விளிம்பு. பூசாது, உள்ளதை உள்ளபடி காட்டும். காட்டுவதற்காகத் தண்டிக்கப்படுகிறது.

கோளாறு எங்கே என்று தேட இறங்குமுன் ரிமோட்டை ஓரமாக வையுங்கள். மெனுவுக்குள் நுழைந்து பத்து விஷயங்களை ஒரே மூச்சில் மாற்றினால், எது படத்தைத் திருத்தியது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முதலில் அதே டிவியில் நல்ல எச்டி வீடியோ ஒன்றைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் திரை நலம். அடுத்து, வேறொரு டிஸ்க், முடிந்தால் கடையில் வாங்கிய நல்ல சினிமா டிஸ்க், அதே பிளேயரில். அதுவும் மங்கலாக இருந்தால் பிளேயர், வயர், அமைப்பு மூன்றில் ஒன்று. அது மட்டும் நன்றாக இருந்தால் கல்யாண டிஸ்க்கில்தான் வினை. இதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

என் அனுமானத்தில், நம் வீடுகளில் டிவிடி படம் கெடுவதற்கு முதல் காரணம் அந்த மஞ்சள் வயர். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனைகளோடு பிளேயருடன் இலவசமாக வந்த ஏவி வயரில், வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு; முழுப் படமும் மஞ்சள் ஒன்றில் போகிறது. டிஸ்க்குக்குள் வெளிச்சம் தனி, நிறம் தனி என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். மஞ்சள் வயரில் அனுப்புவதற்காகப் பிளேயர் இரண்டையும் கலக்கிறது, 4.43 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றின் மேல் நிறத்தை ஏற்றி, வெளிச்சத்தின் நுண்ணிய விவரங்கள் இருக்கும் இடத்திலேயே திணிக்கிறது. மறுமுனையில் டிவி பிரித்தெடுக்க வேண்டும். பாலையும் டிகாக்‌ஷனையும் ஒரே குழாயில் விட்டு, அந்தப் பக்கம் இருப்பவரிடம் இரண்டையும் தனித்தனி டம்ளரில் கொடு என்று கேட்பதைப் போன்ற வேலை. சரியாகப் பிரியாதபோது, பொடிக்கட்டம் போட்ட சட்டையில் வானவில் நெளியும். நிறங்கள் மாறும் விளிம்பில் புள்ளிகள் எறும்பாக ஊரும். 21 அங்குலத்தில் இதெல்லாம் யார் கண்ணிலும் பட்டதில்லை.

பிளேயரின் பின்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துளைகள் இருந்தால் அவை படத்தைக் கலக்காமல் அனுப்பும் காம்பொனன்ட் வழி. மஞ்சளைவிட எவ்வளவோ மேல். இதில் ஒரு கண்ணி உண்டு: பல டிவிகளில் பச்சைத் துளையும் மஞ்சள் துளையும் ஒன்றே. வயரைச் சொருகிவிட்டு டிவி மெனுவில் எந்த வகை என்று சரியாகச் சொல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். ‘டிவியில் கலர் போயிடுச்சு’ என்ற புகார்களில் கொஞ்சம் இந்த ரகம். பி.ஏ.எல். என்று நிலைநிறுத்திய டிவிக்கு என்.டி.எஸ்.சி. படத்தைப் பழைய வயர் வழியே அனுப்பினாலும் கலர் போகும், அல்லது படம் உருளும். அமைப்பை ‘ஆட்டோ’வுக்கு மாற்றினால் தீர்ந்தது.

எச்டிஎம்ஐ துளை இருக்கும் பிளேயர் என்றால் கேள்வியே வேண்டாம். வட்டிலிருந்து திரை வரை எண்களாகவே போகும். அதற்காகத் தங்கமுலாம் பூசிய ஆயிரம் ரூபாய் கேபிள் வாங்காதீர்கள். எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் நூறு ரூபாய் கேபிளிலும் அதே படம்தான். கேபிள் கெட்டிருந்தால் திரையில் வெள்ளைப் பொறிகள் தெறிக்கும், அல்லது படம் விட்டுவிட்டு மறையும். கொஞ்சம் மங்கலாகத் தெரிவது அதன் நோயே அல்ல. எச்டிஎம்ஐ இல்லாத பிளேயர் என்றால் மாற்றிவிடுங்கள். பழைய ப்ளூரே பிளேயர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவை டிவிடியையும் ஓட்டும், பெரிதாக்கும் வேலையையும் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்யும்.

வயரை மாற்றியதும் பிளேயரின் சொந்த மெனுவைத் திறந்து ‘டிவி டைப்’ என்ற இடத்தைப் பாருங்கள். யாரும் பார்ப்பதில்லை. பழைய டிவி காலத்தில் அது 4:3 என்று வைக்கப்பட்டிருக்கும், அப்படியே கிடக்கும். அகலத்திரைப் படங்களை நல்ல டிஸ்க்குகளில் 576 வரிகளும் நிறையும்படி செங்குத்தாக இழுத்துப் பதிந்திருப்பார்கள். அகலத்திரை டிவி அதைப் பக்கவாட்டில் விரித்துக்கொள்ளும். வீட்டில் இருப்பது 4:3 டிவி என்று பிளேயர் நம்பினால், அந்த 576 வரிகளை 432ஆக நசுக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை ஒட்டி அனுப்பும். டிவி அதை மறுபடி ஊதிப் பெரிதாக்கும். இருந்ததே 576, அதிலும் கால் பங்கு வீண். 16:9 என்று மாற்ற அரை நிமிடம் ஆகும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

டிஸ்க்கிலேயே கறுப்புப் பட்டையைச் சேர்த்துப் பதிந்திருந்தால் வழியில்லை. தமிழில் ‘ராஜராஜ சோழன்’ 1973இல் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்ததிலிருந்து அந்த அகலம் நமக்குப் பழக்கம். 2.35க்கு 1 என்ற அகலமுள்ள அப்படியொரு படத்தை 4:3 சட்டத்துக்குள் பட்டையோடு அடைத்தால், படத்துக்கென்று மிஞ்சுவது ஏறக்குறைய 327 வரிகள். இப்படி அவசரமாகத் தயாரித்த தமிழ்ப் பட டிஸ்க்குகள் சந்தையில் நிறைய வந்தன. நான்கு பக்கமும் கறுப்பு, நடுவில் சின்ன ஜன்னல். ‘ஜூம்’ அழுத்தினால் திரை நிறையும், விவரம் நிறையாது.

பழைய கல்யாண வீடியோவுக்கு இதற்கு நேர்மாறான புத்தி வேண்டும். அது 4:3 வடிவிலேயே எடுக்கப்பட்டது. இடமும் வலமும் கறுப்பாக நிற்பதைச் சகிக்காமல் முழுத் திரைக்கு இழுத்தால் மணப்பெண்ணுக்கு உடம்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கறுப்புப் பட்டை குறையில்லை, விட்டுவிடுங்கள்.

இனி அந்தக் கிழியும் வளையல்கள். தொலைக்காட்சி வளர்ந்த காலத்தில் அலைவரிசையில் இடம் குறைவு. நொடிக்கு 25 படங்கள் அனுப்பினால் திரை சிமிட்டும். 50 அனுப்ப இடமில்லை. ஆகவே பாதிப் பாதியாக அனுப்பினார்கள். முதலில் ஒற்றைப்படை வரிகள், நொடியில் 50இல் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். குழாய் டிவி அதே முறையில் திரையில் வரைந்ததால் தொல்லை எழவில்லை. எல்சிடி, ஓஎல்இடி திரைகள் எல்லா வரிகளையும் சேர்த்துக் காட்டுபவை. எனவே இரண்டு பாதிகளையும் வழியில் யாராவது கோத்துத் தர வேண்டும்.

கல்யாண வீடியோ கேமரா அந்த இரண்டு பாதிகளையும் வெவ்வேறு கணங்களில் பிடித்தது. நடுவில் கை நகர்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கோத்தால் ஒற்றை வரிகளில் கை ஓரிடத்திலும் இரட்டை வரிகளில் இன்னோரிடத்திலும் இருக்கும். விளிம்பு நெடுகச் சீப்புப் பற்கள். சினிமா அப்படியல்ல. பிலிமில் ஓடுவது நொடிக்கு 24 முழுச் சட்டங்கள். ஒரே சட்டத்திலிருந்து வெட்டிய இரண்டு பாதிகளைச் சேர்த்தால் அச்சாகப் பொருந்தும். ஆகவே வந்திருப்பது சினிமாவா வீடியோவா என்று கோப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். சினிமா என்றால் நேராகச் சேர்க்கலாம். வீடியோ என்றால் அசையாத இடங்களில் சேர்த்து, அசையும் இடங்களில் ஒரு பாதியை மட்டும் வைத்து மற்றதை ஊகிக்க வேண்டும். மலிவான பிளேயர்கள் இந்தப் பரீட்சையில் அடிக்கடி தோற்கின்றன.

இதற்கான மருந்து பிளேயர் மெனுவில் ‘ரெசல்யூஷன்’ என்ற இடத்தில் இருக்கிறது. 576ஐ, 576பி, 720பி, 1080பி என்று வரும். ‘ஐ’ என்றால் பாதிகளைக் கோக்காமல் அனுப்புகிறேன், டிவி பார்த்துக்கொள்ளட்டும் என்று பொருள். ‘பி’ என்றால் பிளேயரே கோத்துவிடும். 1080பி வைத்தால் கோத்து, பெரிதாக்கியும் தரும். பிறகு அதை டிவி 4கேவுக்கு இன்னொரு முறை பெரிதாக்கும். பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது 1080பி என்பதால் எல்லோரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாய் பிளேயரின் சிப்பைவிடப் புது டிவியின் சிப் பொதுவாகக் கெட்டிக்காரத்தனமானது. எனவே 576ஐ வைத்துப் பாருங்கள். வளையல் ஒன்றுசேர்கிறதா, எழுத்து ஓடும்போது விளிம்பு நடுங்குகிறதா என்று கவனியுங்கள். படத்தை நிறுத்திவைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், நோய் அசைவில்தான் தெரியும். ‘ஃபிலிம் மோட்’ அல்லது ‘சினிமா மோட்’ என்று ஓர் அமைப்பு இருந்தால் சினிமாவுக்கு அதைப் போடுங்கள், கல்யாணத்துக்கு எடுத்துவிடுங்கள்.

பிலிமின் 24ஐ டிவியின் 25ஆக எப்படி மாற்றினார்கள் என்று கேட்கலாம். வேகமாக ஓட்டித்தான். 150 நிமிடப் படம் பி.ஏ.எல். டிஸ்க்கில் 144 நிமிடத்தில் முடியும். தனியாகத் திருத்தாவிட்டால் பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். காது கூர்மையானவர்கள் கண்டுபிடிப்பார்கள். என்.டி.எஸ்.சி. முறையில் ஒரு சட்டத்தை இரண்டு பாதிகளாகவும் அடுத்ததை மூன்றாகவும் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும்போது ஒரு சிறு தடுக்கல் தெரிவது அதனால். வெளிநாட்டுத் தமிழர்களுக்கென்று வந்த டிஸ்க்குகளில் பல என்.டி.எஸ்.சி. முறையில் பதிந்தவை. அவற்றில் சில, பி.ஏ.எல். டேப்பை எடுத்து அவசரமாக மாற்றியவை. 25ஐ 30ஆக்க முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் கலந்து நடுவில் ஒன்று செய்திருப்பார்கள். நடனக் காட்சியில் நாயகியின் ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் இன்னொரு மங்கலான கை வந்தால் அந்த டிஸ்க்கை மன்னித்துவிடுங்கள். அது பதிவிலேயே கலந்துவிட்டது. எந்த அமைப்பும் பிரித்துத் தராது.

சதுரம் சதுரமாக உடைவதற்கு வருவோம். சுருக்காத டிவிடிப் படத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 12.4 கோடி பிட் வேண்டும். அதுவும், நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறம் போதும் என்று நிறத்தில் முக்கால் பங்கை முன்கூட்டியே கழித்த பிறகு. (கல்யாணத்துச் சிவப்புப் பட்டின் ஓரம் படிக்கட்டாகத் தெரிவதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.) டிவிடி விதிப்படி படத்துக்குக் கிடைக்கும் உச்சம் நொடிக்கு 98 லட்சம் பிட். எனவே எம்பெக்-2 என்ற முறையில் சுருக்குகிறார்கள். படத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் வடிவங்கள், வேகமாக மாறும் வடிவங்கள் என்று பிரித்து எழுதுகிறார்கள். கண் எளிதில் கவனிக்காத வேகமான வடிவங்களை முரட்டுத்தனமாகக் குறைத்துவிடலாம்.

இப்படிப் பிரித்தெழுதும் கணிதம் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவுடையது. 1972இல் இதை ஆராய அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. விடாமல் வேலை செய்து, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் கட்டுரையாக வெளியிட்டார். டிவிடி மட்டுமல்ல, ஜேபெக் புகைப்படங்களும் அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கின்றன. உங்கள் போனில் இருக்கும் போட்டோக்களில் பெரும்பாலானவை, நிதி கிடைக்காத அந்த யோசனையால் சுருங்கியவை.

சுருக்குவது பாவமில்லை, அளவு மீறிச் சுருக்குவதுதான். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி கொள்ளும். இரண்டு மணி நேரப் படம் என்றால் நொடிக்கு 52 லட்சம் பிட் கிடைக்கும், சமாளிக்கலாம். முகூர்த்தம், ரிசப்ஷன், பெண் அழைப்பு, சாப்பாட்டுப் பந்தி எல்லாவற்றையும் மூன்று மணி நேரமாக ஒரே டிஸ்க்கில் ஸ்டுடியோக்காரர் அடைத்தால் 35 லட்சம் ஆகிறது. ஒரே டிஸ்க்கில் மூன்று சினிமா போட்டு விற்றார்களே, அது இரட்டை அடுக்கில் 8.5 ஜிபி கொள்ளும் டிஸ்க் என்று வைத்துக்கொண்டாலும் ஏழரை மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 25 லட்சம்தான். அமைதியான காட்சியில் இது போதும். அடுத்தடுத்த சட்டங்களில் மாறாத பகுதியைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. அட்சதை விழும்போது ஆயிரம் மணிகள் ஆயிரம் திசையில் பறக்கின்றன, கேமரா ஃப்ளாஷ்கள் வேறு மாறி மாறி வெட்டுகின்றன, ஒவ்வொரு சட்டமும் முந்தையதோடு ஒட்டாமல் போகிறது. பிட் தீர்ந்துவிடுகிறது. கட்டங்களுக்குள் இருந்த விவரம் தூக்கி எறியப்பட்டு, கட்டம் மட்டும் மிஞ்சுகிறது. மழை, தீபாராதனைப் புகை, வண்ணத்தாள் தூவும் பாட்டு எல்லாம் இந்தக் கதிதான். நிறத்தையும் அசைவையும் ஒன்றாகக் கையாளும் 16க்கு 16 கட்டம் ஒன்று, அகலத்திரை டிஸ்க்கில், 55 அங்குலத் திரையில் 2.7 செ.மீ. அகலம் வரும். கட்டைவிரல் அகலச் சதுரங்கள் முகத்தில் துள்ளினால் யாருக்குத்தான் தெரியாது?

இந்தப் புண்ணுக்கு டிவியில் ‘எம்பெக் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்று ஒரு களிம்பு இருக்கிறது. கல்யாண டிஸ்க்குக்குக் குறைந்த அளவில் போட்டுப் பார்க்கலாம். கூட்டினால் சதுரத்தோடு மூக்கும் புருவமும் அழியும். பழைய சினிமாவுக்குத் தொடவே வேண்டாம். பிலிமின் மணிமணியான இயல்பைக் குப்பை என்று நினைத்து அது துடைக்கப் போக, மணமகன் முகத்தில் நாம் பார்த்த மெழுகு நடிகர் முகத்திலும் ஏறிவிடும்.

டிவி மெனுவில் கெடுதி செய்யும் வேறு சில உண்டு. கடை வெளிச்சத்தில் பக்கத்து டிவியை அமுக்குவதற்காக வைத்த ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ முறையை வீட்டுக்கு வந்ததும் மாற்ற வேண்டும். ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ நல்லது. ‘ஷார்ப்னஸ்’ என்பது விவரத்தைக் கூட்டுவதாகப் பலர் நம்புகிறார்கள். அது விளிம்புகளுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு இழுக்கும், அவ்வளவுதான். டிவிடியில் அந்தக் கோடு சுருக்கத்தின் கழிவையும் சேர்த்துத் தூக்கிக் காட்டும். டைட்டில் எழுத்துக்களைச் சுற்றி ஒளிவட்டம் மறையும்வரை குறையுங்கள். சில கம்பெனிகளில் அது 0, சிலவற்றில் 50. அடுத்து, இல்லாத சட்டங்களை நடுவில் உண்டாக்கிச் சினிமாவை டிவி சீரியலாக்கும் அசைவு வழவழப்பு. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைக்கச் சொல்லி வீடியோவே வெளியிட்டார்கள். டிவிடியில் இதன் ஊகம் இன்னும் மோசமாகத் தவறும், அணைத்துவிடுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டில் கூந்தலும் கோட்டும் ஒன்றாகிவிட்டாலோ, பிளேயரும் டிவியும் கறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதில் முரண்படுகின்றன என்று பொருள். டிவிடி 16ஐக் கறுப்பு என்றும் 235ஐ வெள்ளை என்றும் எழுதும். கணினி 0, 255 என்று எழுதும். இரண்டு மெனுக்களிலும் ‘லிமிடெட்’ அல்லது ‘ஆட்டோ’ வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் படம் உறைந்து நின்றாலோ, பச்சைச் சதுரங்கள் சிதறினாலோ வட்டையே கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே காட்சியில் நின்றால் டிஸ்க்கில் கீறல். இடம் மாறி மாறி நின்றால் பிளேயரின் லென்ஸில் தூசி, அல்லது லேசர் சோர்ந்துவிட்டது. ஒரு கணப் பிழை அரை நொடி வரை திரையில் இழுத்துக்கொண்டே போவதற்கும் காரணம் உண்டு. முழுமையாக எழுதிய சட்டம் ஏறக்குறைய 12 சட்டங்களுக்கு ஒருமுறைதான் வரும். நடுவில் வருபவை முந்தையதைப் பார்த்து எழுதியவை. ஒன்று கெட்டால் அடுத்த முழுச் சட்டம் வரும்வரை எல்லாம் கெடும்.

டிஸ்க்கை மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தடத்தோடு ஒட்டியே ஓடும். தொடர்ச்சியாக அழிந்த தகவலைப் பிழைதிருத்தும் கணிதத்தால் மீட்க முடியாது. குறுக்குக் கீறலை அது பெரும்பாலும் சமாளிக்கும். பற்பசை வைத்தியம் வேண்டாம்.

வாங்கிய சினிமா டிஸ்க்கும் கல்யாண டிஸ்க்கும் பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே வேறு. சினிமா டிஸ்க்கில் தகவல் பிளாஸ்டிக்கில் அச்சில் வார்த்த குழிகளாக இருக்கிறது. ஸ்டுடியோவில் எழுதித் தந்தது சாயம் பூசிய டிஸ்க். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுக் குறி வைத்திருக்கிறது. வெயில், வெப்பம், ஈரம் மூன்றும் சாயத்தை வெளிறச் செய்யும். மூன்றுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. பீரோவின் மேல்தட்டில் ஆல்பத்தோடு கிடக்கும் அந்த டிஸ்க் இன்று ஓடுகிறது என்பது அடுத்த வருடத்துக்கு உத்தரவாதமில்லை.

ஆகவே படத்தை அழகாக்கும் வேலையை நாளைக்கு வையுங்கள். நகல் எடுக்கும் வேலையை இன்றே முடியுங்கள். டிவிடி டிரைவ் உள்ள கணினியில் டிஸ்க்கைப் போட்டால் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை தெரியும். அதை அப்படியே ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எம்பி4 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் அசல் கோப்புறை, பிறகு உங்கள் எம்பி4 என்று சொல்லுங்கள். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்கினால் இழப்பு கூடும். பாதியில் நகல் நின்றுவிட்டால் ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற இலவச மென்பொருள் கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், திரும்பித் திரும்பிப் படித்து, முடிந்தவரை மீட்டுத் தரும். நகலை வி.எல்.சி. பிளேயரில் ஓட்டி, ‘டீஇன்டர்லேஸ்’ என்ற இடத்தில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுத்தால் அந்த 50 பாதிகளும் நொடிக்கு 50 முழுப் படங்களாக விரியும். கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே டிவிக்குக் கொடுத்தால், பல பிளேயர்களைவிட வளையல் அழகாக அசையும்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து டிஜிட்டல் கேமராக்களுக்குள் ஓடிய சின்ன கேசட்டில் படத்துக்கு நொடிக்கு 2.5 கோடி பிட் இருந்தது. உங்கள் டிஸ்க்கில் இருப்பதைப் போல ஏழு மடங்கு. படம் எடுத்த ஸ்டுடியோ இன்னும் இயங்கினால், அந்தக் கேசட் அவர்கள் பரணில் கிடக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர்கள் அதைத் தூக்கிப் போடுவதற்குள் கேளுங்கள்.